ஆபத்துக் காலத்து டின் அடுப்பு

 

குடித்தனத்துக்கு முதற் சாமான் அடுப்பு. அது வீட்டில் ஓரிடத்தில் நிலையாக இருப்பதே வழக்கமாயினும், கையோடு எடுத்துச் செல்லத்தக்க அடுப்பு வேண்டியிருக்கும் சமயங்களும் குடியானவர்களுக்கு உண்டு. அறுப்புக் காலத்தில் களத்தில் காவலிருப்போரும், கிடை போட்டுக்கொண்டு ஊர் ஊராய்ச் செல்லும் ஆட்டிடையரும், பழனிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டத்தாரும் சென்ற இடத்தில் மூன்று கல்லைக் கூட்டிச் சமைக்கின்றனர். காற்று அடித்தால் அந்நெருப்பில் பாதி பாத்திரத்தைத் தொடாமலே போகிறது. பொறி பறந்து வைக்கோற் போரில் விழுந்து, ஒரு வருஷத்துப் பாடு ஒரு நாழிகையில் சாம்பலாவதும் உண்டு.

இவையனைத்தினும் மேலான அவசரம் புயலும் வெள்ளமும் வரும்போது நேரிடுகிறது. 2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி விடியுமுன், வேதாரணியத்தை அடுத்துக் கரையேறிய கஜாப் புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் லக்ஷக்கணக்கான தென்னைகளைச் சாய்த்ததை யாவரும் அறிவர். மின்சாரக் கம்பங்கள் முறிந்தன. பல கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்தன. இத்தகைய நாளில் கூரை போன வீட்டின் மண் அடுப்பு மழையில் கரைந்து விடுகிறது. சாலையில் மரம் விழுந்து கிடப்பதால் எரிவாயு உருளை வண்டி ஊருக்குள் வர இயலாது. ஊரெங்கும் விழுந்த மரம் விறகாய்க் கிடந்தும், கைக்குழந்தைக்குக் கொஞ்சம் வெந்நீர் வைக்க வழியில்லாமற் போவதே இதிலுள்ள விபரீதமாகும்.

இக்குறையைப் போக்கப் பெரும் பணம் வேண்டியதில்லை. வீட்டில் வெறுமையாய்க் கிடக்கும் டின்களும், ஒரு தகர வெட்டுக் கத்தரியும், ஓர் ஆணியும், சுத்தியலும், அரைநாள் வேலையும் போதும். ஆனால் டின்னைத் துளைத்துவிட்டால் அது அடுப்பாகிவிடும் என்று எண்ணுவது தவறு. நெருப்பின் இயல்பை அறிந்து செய்தால் அது அடுப்பு; அறியாமற் செய்தால் அது புகைச்சட்டி.

எரிவாயு அடுப்பு இருக்க இது எதற்கு?

இக்கேள்வி நியாயமானதே. 2016-ஆம் வருஷம் மத்திய சர்க்காரால் தொடங்கப்பட்ட உஜ்வலாத் திட்டத்தினால் ஏழைக் குடும்பங்கள் கோடிக்கணக்கில் எரிவாயு இணைப்புப் பெற்றன. அது பெரிய நன்மை. விறகும் வரட்டியும் கரியும் வீட்டுக்குள் எரிவதால் உண்டாகும் புகையினால், 2020-ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லக்ஷம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. ஆகையால் எரிவாயு உள்ள வீட்டார் அதைத் தள்ளிவிட்டு விறகுக்குத் திரும்பவேண்டும் என்று எவரும் சொல்லமாட்டார். இங்குக் கூறப்படும் டின் அடுப்பு வீட்டு அடுப்புக்குப் பதிலாக வந்ததன்று. வெளியிடத்திற்கும் ஆபத்துக் காலத்திற்கும் உரிய துணை அடுப்பேயாகும். மின்விளக்கு இருக்கும் வீட்டிலும் ஒரு லாந்தர் மாட்டி வைப்பதைப் போன்றது இது.

நெருப்பின் இயல்பு

விறகு எரிகிறது என்று பொதுவாகச் சொல்லப்படினும், முதலில் எரிவது விறகன்று. விறகு சூடேறும்போது அதிலுள்ள ஈரம் ஆவியாகிப் போகிறது. மேலும் சூடேற, மரத்திலிருந்து ஒருவகை வாயு கிளம்புகிறது. அந்த வாயு தக்க உஷ்ணத்தில் தக்க காற்றோடு கலந்தால் சுவாலையாகிறது. கலவாவிட்டால் புகையாய்ப் போகிறது. ஆகவே புகை என்பது எரியாமற் போன விறகே. கண்ணைக் கரிப்பதும் பாத்திரத்தைக் கரியாக்குவதும் ஒருபுறமிருக்க, காசு கொடுத்து வாங்கிய விறகு கூரை வழியாய் வெளியேறுவதை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்து அல்லது பதினைந்து பங்கே சாதாரணமாகப் பாத்திரத்தைச் சேருகிறது.

ஈர விறகின் நஷ்டத்தை ஒரு கணக்கினால் விளக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர வேண்டும் வெப்பத்தைப்போல், கொதிக்கும் ஒரு லிட்டரை முழுவதும் ஆவியாக்க ஏழு மடங்கு வெப்பம் வேண்டும். ஆதலால் விறகுக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் மறைந்திருந்தால், ஏழு லிட்டர் உலையைக் கொதிக்கவைக்கும் வெப்பத்தை அது திருடிக்கொள்கிறது. அன்று வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீராயிருக்கக்கூடும். எவ்வளவு நல்ல அடுப்பும் ஈர விறகை வெல்லாது.

இதிலிருந்து நான்கு விதிகள் பெறப்படும். விறகு உலர்ந்தும், கட்டைவிரற் பருமனுக்கு மிகாமலும் இருக்கவேண்டும். காற்று விறகின் அடியிலிருந்து வரவேண்டும். நெருப்பிருக்கும் இடம் ஒடுங்கியும் சூடு வெளியேறாதபடி போர்த்தியும் இருக்கவேண்டும். சுவாலை பாத்திரத்தின் அடியையும் பக்கத்தையும் தழுவிச் செல்லவேண்டும். அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்திலுள்ள அப்ரொவெச்சோ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லாரி வினியார்ஸ்கி என்பவர், 1980-ஆம் வருஷத்தை ஒட்டி இவ்விதிகளை வைத்தே முழங்கை வடிவமான டின் அடுப்பை அமைத்தார். அது ராக்கெட் அடுப்பு என்று பல தேசங்களில் பெயர் பெற்றது.

முதல் வகை: ஒற்றை டின் அடுப்பு

பெரிய பால்பவுடர் டின் ஒன்று போதும். மேல் மூடியை எடுத்துவிட்டு, அடிவிளிம்புக்குச் சற்று மேலே சுற்றிலும் ஒரு விரல் நுழையத்தக்க துவாரங்கள் பத்துப் பன்னிரண்டு இடவேண்டும். இவை காற்று வரும் வழி. மேல்விளிம்புக்குக் கீழே அதேபோல் ஏழெட்டுத் துவாரங்கள் இடவேண்டும். இவை பாத்திரம் மேலே அமர்ந்தபின் சுவாலை வெளியேறும் வழி. மேல் துவாரங்களை மறந்தால் பாத்திரம் மூடிபோல் அமர்ந்து நெருப்பை அணைத்துவிடும். புதிதாய்ச் செய்வோர் அடிக்கடி செய்யும் பிழை இதுவே. பக்கத்தில் இரண்டு அங்குலச் சதுரத்தில் ஒரு வாய் வெட்டினால், பாத்திரத்தை எடுக்காமலே சுள்ளி போடலாம். ஒரு செம்புத் தண்ணீர் காயவும் காப்பி போடவும் இது போதும். பானை உலைக்குப் போதாது.

இரண்டாம் வகை: மரத்தூள் அடுப்பு

மர அறுப்பு மில் சமீபத்திலுள்ள ஊர்களில் இது பழக்கமானதே. ஒரு டின்னின் அடிப்பக்கத்தில் இரண்டு அங்குல அகலமுள்ள துவாரம் இட்டு, அதன்வழியே ஓர் உருட்டுக் கட்டையை நடு மையம் வரையில் செலுத்தவேண்டும். டின்னின் நடுவில் ஒரு போத்தலை அக்கட்டையின்மேல் நேராக நிறுத்தி, சுற்றிலும் உலர்ந்த மரத்தூளைக் கொட்டி, கொட்டக் கொட்ட உலக்கை நுனியால் நன்றாய் இறுகக் குத்தவேண்டும். பின்னர்ப் போத்தலையும் கட்டையையும் மெல்லத் திருகி உருவினால், தூளினுள்ளே ஒரு குழாய் அமைந்துவிடும். கீழ்த் துவாரத்தில் சிறு சுள்ளியை வைத்துக் கொளுத்தினால், தூள் உட்புறமிருந்து வெளிப்புறமாக மணிக்கணக்கில் நின்று எரியும். இடையிடையே விறகு தள்ளவேண்டிய வேலையில்லை. தூள் தளர்ந்திருந்தால் சரிந்து குழாயை அடைத்துவிடும்; அப்போது புகை மண்டும். ஆகையால் எரியும்போது டின்னை அசைக்கலாகாது. பாத்திரத்தின் கீழ் மூன்று சிறு கல் வைத்து வழிவிடவேண்டும். மாட்டுக்குத் தவிடு காய்ச்சவும், கூட்டத்துக்கு வெந்நீர் போடவும் இது தகுந்தது.

மூன்றாம் வகை: முழங்கை அடுப்பு

குடும்பத்துக்கு உலை வைக்கத்தக்கது இதுவே. இதற்கு 15 கிலோ எண்ணெய் வரும் சதுர டின் ஒன்று வெளிக்கூடாகவும், சுமார் நான்கு அங்குலக் குறுக்களவுள்ள வட்ட டின்கள் இரண்டு உட்குழாயாகவும், அவற்றிலும் சற்றே குறுகிய வட்ட டின் ஒன்று வாயாகவும் வேண்டும்.

உட்குழாய் டின்களில் ஒன்றின் அடியை வைத்துக்கொண்டு மேல் மூடியை மட்டும் நீக்கவேண்டும். மற்றொன்றுக்கு இரு பக்கமும் நீக்கவேண்டும். இதன் ஒரு விளிம்பைக் கத்தரியால் பல்பல்லாய் வெட்டி, முன்னதனுள் செருகி ஒரே குழாயாக்கவேண்டும். கீழ் டின்னின் பக்கத்தில், அடியை ஒட்டி, வாய் டின் நுழையுமளவு வட்டம் வெட்டவேண்டும். வெளி டின்னின் மேல்தகட்டை வெட்டி எடுத்து, பக்கத்திலும் அதே அளவு வட்டத்தை அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் வெட்டவேண்டும்.

பிறகு வெளி டின்னுக்குள் இரண்டு அங்குலம் உலர்ந்த சாம்பல் பரப்பி, அதன்மேல் உட்குழாயை நிறுத்தி, இரு பக்கமும் திறந்த வாய் டின்னை வெளியிலிருந்து உட்குழாய் வரையில் செருகவேண்டும். குழாயின் மேல்விளிம்பு வெளி டின்னின் மேல்விளிம்போடு சமமாய் நிற்கவேண்டும். மிச்ச இடம் முழுவதையும் சலித்த உலர் சாம்பலால் நிரப்பவேண்டும். மண்ணோ மணலோ இடலாகாது. அவை தாமே சூட்டைக் குடித்துவிடும். சாம்பலினுள் காற்று நிறைந்திருப்பதால் அது கம்பளி போலச் சூட்டைத் தடுத்து வைக்கும். மேலே நடுத்துவாரமுள்ள தகடொன்றை மூடினால் சாம்பல் பறவாது.

இனி மிக முக்கியமானதொன்று. வாயின் உயரத்தில் கீழ் மூன்றிலொரு பங்கு விட்டு, ஒரு தகட்டைப் பலகைபோல் குறுக்கே பொருத்தவேண்டும். விறகு அத்தகட்டின் மேலே; காற்று அதன் கீழே. இத்தகடு இல்லாவிட்டால் விறகே வாயை அடைத்து, காற்று உள்ளே புகாமல் புகை எதிர்ப்பக்கம் அடிக்கும். விறகின் நுனி மட்டும் எரிய, எரிய எரியச் சிறிது சிறிதாய்த் தள்ளவேண்டும். பாத்திரத்தை விளிம்பிலிருந்து முக்கால் முதல் ஓர் அங்குல உயரத்தில் மூன்று இரும்புத் துண்டுகளின்மேல் வைக்கவேண்டும். பாத்திரத்தைச் சுற்றி அரை அங்குல இடைவெளி விட்டு ஒரு தகரத்தை வளையமாய் நிறுத்தினால், சுவாலை பக்கங்களையும் தடவிச் செல்லும். காற்றும் அதைக் கலைக்காது.

தினந்தோறும் எரித்தால் உள் டின் சில மாதங்களில் துருவேறி இற்றுவிடும். அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஊரில் குயவர் இருப்பின், அதே அளவில் முழங்கை வடிவமாய் மண்குழாய் சுட்டுத் தரச் சொல்வது இன்னும் உத்தமம். டின்னைவிட அது நீடித்து உழைக்கும், கைத்தொழிலுக்கும் ஆதரவாகும்.

செய்யத்தகாதவை

பூச்சிமருந்து வந்த டின்னை எவ்வளவு கழுவினாலும் அடுப்பாக்கலாகாது. அந்த விஷம் கழுவலில் முற்றும் போவதன்று. சுட்டால் புகையோடு கலந்து மூச்சில் ஏறும். துத்தநாகம் பூசிய வாளியை அடுப்பாக்கினால், சூட்டில் துத்தநாகம் வெண்புகையாகி, சுவாசிப்போருக்குக் குளிர்சுரம் போன்ற உபத்திரவத்தை உண்டாக்கும். அலுமினியப் பாத்திரம் 660 டிகிரியில் உருகிவிடுமாதலால் நெருப்பறைக்கு உதவாது. மூடிய டின்னையும், அழுத்தி அடைத்த தெளிப்பு டின்னையும் நெருப்பிலிட்டால் வெடிக்கும். பெயிண்டு வந்த டின்னையும் விலக்கவேண்டும். நல்ல டின்னாயினும், செய்து முடித்தபின் முதல்முறை வெட்டவெளியில் வெறுமனே எரித்து மேற்பூச்சைப் போக்கிவிட்டே சமையலுக்கு எடுக்கவேண்டும்.

எந்த டின் அடுப்பையும் கதவடைத்த அறையிலோ கூடாரத்துக்குள்ளோ எரிக்கலாகாது. புகை குறைந்திருப்பதால் அபாயமில்லை என்று எண்ணலாகாது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு, உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். மழைக்கு ஒதுங்கி எரிக்க நேர்ந்தால் மேலே கூரையும் நாலு பக்கம் திறப்பும் உள்ள இடம் வேண்டும், அக்கூரை கீற்றாயிருக்கலாகாது. அரளிக் கொம்பை விறகாக்கலாகாது. டின் விளிம்பு கத்தி போன்றதாதலால், வெட்டிய ஓரங்களையெல்லாம் மடக்கி அடிப்பது குழந்தைகளுள்ள வீட்டில் அவசியம்.

நிறுத்துப் பார்த்து நம்புக

பிரசங்கத்தைக் கேட்டு நம்பவேண்டியதில்லை; தராசைக் கேட்டு நம்பலாம். சங்கத்தில் தராசு இருக்கிறது. ஒரே மரத்தின் உலர்ந்த விறகை இரண்டு கிலோ வீதம் இரண்டு கட்டாக நிறுத்துக்கொள்ளவேண்டும். மூன்று கல் அடுப்பில் ஒரு பாத்திரமும், முழங்கை அடுப்பில் அதே அளவுள்ள மற்றொரு பாத்திரமுமாக, மூன்று லிட்டர் தண்ணீர் வீதம் ஏற்றி, மூடி போட்டுக் கொதிக்க விடவேண்டும். கொதி வந்தவுடன் நெருப்பை அணைத்து, மீந்த விறகை நிறுத்தால் எந்த அடுப்பு எவ்வளவு தின்றது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒரு முறை போதாது. காற்றுள்ள நாளிலும் காற்றில்லாத நாளிலும் மும்முறை செய்யவேண்டும். அடுப்பெரிப்பவர் அவ்வீட்டுச் சமையல் செய்யும் பெண்மணியாகவே இருக்கவேண்டும்.

கடைசியாகச் சொன்னது உபசார வார்த்தையன்று. ஹைதராபாத்தில் டாக்டர் எஸ். பி. ராஜு அமைத்த புகையில்லா அடுப்பைப் பற்றிய நூல் 1953-இல் சென்னையில் வெளியாயிற்று. பின்னர் 1983-ஆம் வருஷத்தை ஒட்டித் தொடங்கி 2002 வரையில் நடந்த தேசிய அடுப்புத் திட்டத்தில், மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கிராமங்களில் அமைக்கப்பட்டன. அவற்றுள் பல சில வருஷங்களிலேயே இடிந்தன. பல உபயோகமின்றிக் கிடந்தன. பழுது பார்க்க ஆளில்லாமையும், சமைப்பவரின் பாத்திரமும் பழக்கமும் கேட்கப்படாமையுமே இதற்கு முக்கிய காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கணக்குப் புஸ்தகத்தில் ஏறிய அடுப்பெல்லாம் சோறு ஆக்கிய அடுப்பாகாது.

சங்கங்கள் செய்யத்தக்கது

புயல் கரையேறியபின் டின் தேடுவது வீடு எரியும்போது கிணறு வெட்டுவதற்கு ஒப்பாகும். ஆகையால் ஐப்பசி மழை பிடிக்குமுன், ஒவ்வொரு சங்கமும் அங்கத்தினர் வீடுகளில் கிடக்கும் டின்களைச் சேர்த்து, ஊர்க் கொல்லரையோ தகர வேலைக்காரரையோ அழைத்து, ஒரே நாளில் பத்து முழங்கை அடுப்புகள் செய்து கிடங்கில் வைக்கலாம். அடுப்புகளோடு உலர்ந்த சவுக்கு மிலாறு, சீமைக்கருவேலஞ் சுள்ளி, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றைக் கட்டுக் கட்டாய்ப் பரண்மேல் ஏற்றித் தார்ப்பாயால் மூடவேண்டும். தீப்பெட்டிகளை மெழுகுத் துணியில் சுற்றி, மூடியுள்ள டின்னில் வைக்கவேண்டும். விறகில்லாத அடுப்பும் நெருப்பில்லாத விறகும் வெறும் காட்சிச் சாமான்களே.

யார் வீட்டுக்கு எந்த அடுப்பு முதலிற் போகவேண்டும் என்பதையும் முன்னதாகவே கூட்டத்தில் தீர்மானித்து எழுதி வைக்கவேண்டும். பிள்ளை பெற்றவள், கைக்குழந்தை, நோயாளி, தனித்திருக்கும் முதியோர் ஆகியோருக்கே முதல் உரிமை. பங்கு அதிகமுள்ளவர், நிர்வாகிக்கு உறவினர் என்ற முறை ஆபத்துக் காலத்தில் எழும்பினால், சங்கத்தின் பெயர் அன்றே அணைந்துவிடும்.

ஒரு டின் அடுப்பு அற்பமான சாமான்தான். ஆயினும் மூன்று நாள் மழைக்குப்பின் இருண்ட தெருவில் முதல் உலை கொதிக்கும்போது, ஊராரின் மனம் தேறுகிறது. பெரியவர்கள் கூரையைப் பற்றியும் வயலைப் பற்றியும் யோசிக்கத் தொடங்குகின்றனர். அந்த உலையைக் கொதிக்கவைக்கும் டின் இப்போது ஒவ்வொருவர் வீட்டுக் கொல்லைப்புறத்திலும் துருவேறிக்கொண்டிருக்கிறது. அங்கத்தினர்களே! இவ்வாரத்திலேயே அதை எடுத்துத் துடைத்துக் கத்தரியை வையுங்கள்.